தரையில் அமர்ந்து ஆடும் கரப்பந்து: ஊரில் ஓர் அணி தொடங்க விரும்புகிறவர்களுக்கு

போர் ஓய்ந்த ஊர்களில் மிதிவெடியிலும் எறிகணையிலும் காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் கிடைக்கிறது. தையல் இயந்திரமோ சிறு கடனோகூடக் கிடைக்கிறது. மாலையானால் போய் வியர்க்க வியர்க்க ஆடிவிட்டு வர ஓர் இடம்தான் கிடைப்பதில்லை. அப்படி ஓர் இடத்தை உருவாக்க நினைப்பவர்களுக்காக, இந்த ஆட்டத்தைப் பழக்குபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் நிலம். வெட்டவெளி மைதானம் என்றால், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலம்தானா என்பதை அதற்குப் பொறுப்பான அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "மாடு மேய்கிறதே, ஒன்றுமில்லை" என்று பக்கத்து வீட்டார் சொல்வது போதாது. எவ்வளவு ஆழம்வரை சோதித்தார்கள் என்றும் கேளுங்கள். வலைக்குக் கம்பம் நடக் குழி தோண்டும்போது அந்த ஆழத்தைத் தாண்டிவிடக்கூடும். நான் குழியே தோண்ட விடுவதில்லை. பழைய லாரி டயருக்குள் கம்பத்தை நிறுத்திக் கொங்கிரீட் ஊற்றிவிட்டால் அது அசையாது; வேண்டும்போது உருட்டியும் போகலாம். எல்லைக்கு வெளியே சோதிக்கப்படாத பற்றை இருந்தால், அதற்குள் போன பந்து போனதுதான். யாரும் எடுக்கப் போகக்கூடாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், குறிப்பாகப் பந்து பொறுக்க ஓடிவரும் சிறுவர்களிடம்.

மண்டபம் கிடைத்தால் அதுவே மேல். வழுவழுப்பான சிமெந்துத் தரை போதும். மணலில் உடம்பை நகர்த்த முடியாது; சொரசொரத் தரை தோலை உரித்துவிடும். களம் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வலையின் மேல் விளிம்பு ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். வழக்கமான கரப்பந்தே போதும். பக்கத்துக்கு ஆறு பேர்.

அடுத்தது ஆட்களை அழைப்பது. வீட்டுக்குப் போய், "பாவம், சும்மா வந்து பாருங்கள்" என்று கூப்பிடாதீர்கள். "ஆள் குறைகிறது, வாருங்கள்" என்று கூப்பிடுங்கள். கால் எப்படிப் போனது, எந்தப் பக்கம் நின்றார் என்ற கேள்விகள் களத்தில் வேண்டாம். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார். ஒரே ஊரில் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றவர்கள் வந்தால், சீட்டுக் குலுக்கி அணி பிரியுங்கள்.

வீட்டார்தான் அதிகம் தயங்குவார்கள்: "இத்தனை பட்டவனைத் தரையில் இழுத்துவிடுகிறீர்களே!" அவர்களுக்கு நான் இந்த ஆட்டத்தின் வரலாற்றைச் சொல்வேன். 1956இல் நெதர்லாந்தில் பிறந்த ஆட்டம் இது. ஈராக்குடனான எட்டாண்டுப் போர் முடிந்த அதே 1988இல், சியோல் பாராலிம்பிக்கில் ஈரான் அணி தங்கம் வென்றது. போரில் சிதைந்த பொஸ்னியா 2004இலும் 2012இலும் தங்கம் வென்றது. 2024இல் பாரிஸில் இறுதியாட்டம் ஆடியவையும் இந்த இரண்டு நாடுகளே. பெண்கள் ஆட்டம் 2004 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது என்பதையும் மறக்காமல் சொல்வேன், ஏனென்றால் மகளை அனுப்பத்தான் இன்னும் தயங்குகிறார்கள்.

பெண்களுக்கென்று ஒரு சின்ன ஏற்பாடு அவசியம். செயற்கைக் காலைக் கழற்றிவைத்துவிட்டு ஆடுவதுதான் வழக்கம். ஆனால் பலர் பார்க்க அதைக் கழற்றுவது பல பெண்களுக்கு ஆடுவதைவிடக் கடினம். களத்தை ஒட்டி ஒரு திரை கட்டி, உள்ளே ஒரு வாங்கும் பாயும் போட்டு வையுங்கள். அங்கே கழற்றிவிட்டு, திரைக்குள்ளிருந்தே நகர்ந்து களத்துக்கு வரலாம். முழுக் காற்சட்டை அணிந்தால் தோலுக்கும் நல்லது. திரை கட்டிய பிறகு வந்து சேர்ந்தவர்கள் என்னிடம் இருக்கிறார்கள்.

முதல் வாரங்களில் பந்தைக் கொடுக்காதீர்கள். நகரப் பழக்குங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்புக்குச் சற்றுப் பின்னால் ஊன்றி, தரையைத் தள்ளி, இடுப்பை வழுக்கிக் கொண்டுபோக வேண்டும்: முன்னால், பின்னால், பக்கவாட்டில். கை தரையில் இருந்தால் நகரலாம், பந்தை எடுக்க முடியாது. கை மேலே இருந்தால் பந்தை எடுக்கலாம், நகர முடியாது. ஆகவே பந்து வருமுன்னே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஆட்டத்தின் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. தோளும் மணிக்கட்டும் வலிக்கும், மெதுவாகக் கூட்டுங்கள்.

பந்தைத் தொடும்போது பிட்டத்திலிருந்து தோள்வரை உள்ள ஏதோ ஒரு பகுதி தரையில் பட்டிருக்க வேண்டும். அடிக்கும்போது எழும்பினால் தவறு. நின்று ஆடும் கரப்பந்தில் இல்லாத ஒரு சலுகை இதில் உண்டு: எதிரணியின் சேர்விஸையே வலையோரம் கை தூக்கித் தடுக்கலாம். இளையவர்கள் இதில் மயங்கிவிடுவார்கள்.

ஊர் ஆட்டத்தில் இரண்டு காலும் உள்ள தம்பியோ மனைவியோ தாராளமாக உட்கார்ந்து ஆடட்டும். உடற்குறை எவ்வளவு என்று பார்க்கும் மருத்துவ வகைப்படுத்தல் எல்லாம் சர்வதேசப் போட்டிக்குத்தான்.

ஆட்டம் முடிந்ததும் காலின் மீதிப் பகுதியை ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். கண்ணுக்கு எட்டாத பக்கத்துக்கு ஒரு கைக்கண்ணாடி வைத்திருங்கள். சிவப்பு மறையாமல் இருந்தாலோ தோல் கிழிந்திருந்தாலோ அது ஆறும்வரை ஆட்டம் இல்லை. அந்த இடத்தின் மேல் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு நடந்தால் புண்ணாகும். பிறகு வேலைக்கும் போக முடியாது.

முதல் போட்டி வைக்கும்போது பட்டாசு வேண்டாம், பலூன்களும் வேண்டாம். திடீரென்று வெடிக்கும் சத்தம் இந்த ஊர்களில் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். விசில் போதும். கடைசி பஸ் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே முடியும்படி அட்டவணை போடுங்கள்: காலை மாட்டிக்கொண்டு நிறுத்தத்துக்கு நடக்க அவ்வளவு நேரம் வேண்டும். ஐந்து செட் இழுக்க வேண்டாம். 25 புள்ளிக்கு இரண்டு செட், சமநிலை என்றால் 15 புள்ளிக்கு ஒன்று. அடுத்த ஆட்டத்தின் தேதியை அவர்கள் கலைவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.