சாவியிலிருந்து கிளாவிஸ் வரை: ஒரு சொல்லின் வேரைப் பிடிப்பது எப்படி?

'சாவி' போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். (இலங்கைத் தமிழர் இன்றும் 'திறப்பு' என்பார்கள், அழகான சொல்.) அதன் மூலம் லத்தீன் 'கிளாவிஸ்'. காதுக்கு ஒட்டாத இந்த இரண்டும் ஒரே சொல்தான் என்று காட்ட ஒரு தாளும் நான்கு மொழி அகராதிகளும் போதும்.

படி 1: சரியான உருவத்தை எடுங்கள்

அகராதித் தலைப்பில் நிற்கும் 'கிளாவிஸ்' எழுவாய் உருவம். லத்தீனிலிருந்து பிறந்த மகள் மொழிகளுக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது இரண்டாம் வேற்றுமை உருவமான 'கிளாவெம்'. அதன் கடைசி மகரம் பேச்சில் உதிர்ந்துவிட்டது. எனவே தாளின் தலையில் 'கிளாவே' என்று எழுதுங்கள். இல்லையென்றால் கடைசி 'ஸ்' எங்கே போனது என்று வீணாக மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

படி 2: மகள்களை வரிசையாக நிறுத்துங்கள்

ஸ்பானிஷ்: யாவே
இத்தாலியன்: கியாவே
பிரெஞ்சு: கிளே
போர்ச்சுகீசு: ஷாவ்

படி 3: ஒலி விதியைச் சோதியுங்கள்

புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். ஒரு சொல் ஒத்துப்போனால் அது தற்செயலாக இருக்கலாம். அதே மாற்றம் இன்னொரு சொல்லிலும் நடந்திருக்க வேண்டும். 'கிளாமாரே' (கூவுதல்) என்பதை எடுங்கள். ஸ்பானிஷில் யமார், இத்தாலியனில் கியமாரே, போர்ச்சுகீசில் ஷமார். அதே யகரம், அதே 'கிய', அதே ஷகரம். லத்தீனின் 'பிள' தொடக்கமும் போர்ச்சுகீசில் இப்படியே மாறும்: 'புளூவியா' (மழை) 'ஷூவா' ஆனது. பிரெஞ்சு 'கிள'வைக் கெடுக்கவில்லை, உயிரைத்தான் மாற்றியது. கடலைக் குறிக்கும் 'மாரே' அங்கே 'மேர்' ஆனதும் அதே வழியில்தான்.

அப்படியானால் நம்மிடம் ஏன் ஷகரம் இல்லை? 16-ஆம் நூற்றாண்டுப் போர்ச்சுகீசில் அந்த இடத்தில் 'பச்சை'யில் வரும் அழுத்தமான சகரமே ஒலித்தது. ஷகரம் பிற்பாடு வந்தது. இந்தியின் 'சாபி'யும் அந்தப் பழைய ஒலியைத்தான் காட்டுகிறது.

படி 4: பொருளைப் பின்தொடருங்கள்

'கிளாவிகுலா' என்றால் சின்னச் சாவி. காறை எலும்பின் மருத்துவப் பெயரும் அதுதான். 'கான்கிளேவ்' பூட்டக்கூடிய அறை. போப்பைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்களின் (மூத்த கத்தோலிக்கக் குருக்கள்) கூட்டத்துக்கும் அதுவே பெயர். 1268 முதல் 1271 வரை இத்தாலியின் விதெர்போ நகரில் போப் தேர்தல் முடியாமல் இழுத்தது. அதில் தேர்வான பத்தாம் கிரிகோரி, கர்தினால்களை உள்ளே வைத்துப் பூட்டும் முறையை 1274-இல் சட்டமாக்கினார். மருத்துவமனையில் கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் 'ஆட்டோகிளேவ்' என்றால் தானே பூட்டிக்கொள்வது: முன்பாதி கிரேக்கம், பின்பாதி நம் கிளாவிஸ்.

எங்கே தவறும்?

'கிளாவுஸ்' என்றால் ஆணி. ஸ்பானிஷ் 'கிளாவோ', பிரெஞ்சு 'கிளூ' எல்லாம் அதன் பிள்ளைகள். ஆணிபோல் இருப்பதால் கிராம்புக்கும் ஸ்பானிஷில் 'கிளாவோ' என்றே பெயர். இவற்றைச் சாவிப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

இன்னொரு கண்ணி: ஸ்பானிஷில் 'யாவே' தவிர 'கிளாவே'யும் உண்டு, ரகசியக் குறியீடு என்று பொருள். வாய்வழி வந்திருந்தால் பெரும்பாலும் 'கிள' தேய்ந்திருக்கும் ('கிளாவோ' ஒரு விதிவிலக்கு). தேயாமல் நிற்கிறதென்றால் படித்தவர்கள் பிற்காலத்தில் ஏட்டு லத்தீனிலிருந்து நேரே எடுத்துக்கொண்டது என்று கொள்ளலாம். வேர் ஒன்று, வந்த பாதை வேறு. தாளில் இதைத் தனிப் பத்தியில் குறியுங்கள்.

பயிற்சிக்கு 'மேசை'. லத்தீனில் 'மென்சா', போர்ச்சுகீசில் 'மேசா'. நடுவில் இருந்த னகரம் எப்படிப் போனது? மாதத்தைக் குறிக்கும் 'மென்செம்' ஸ்பானிஷில் 'மேஸ்' ஆனதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.