பறவை பார்க்க பைனாகுலர்: பட்ஜெட்டில் வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

வலசைப் பறவைகள் வரும் பருவத்தில் கூடவே புதுப் பைனாகுலர்களும் வந்து இறங்குகின்றன. ஒரு ஞாயிறு காலை பள்ளிக்கரணைப் பக்கம் நின்றால் போதும், யார் எதை வாங்கிக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ, யோசித்து யோசித்துத்தான் செலவு செய்திருப்பார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்கியிருப்பார்கள்.

சட்டை நுனியால் லென்ஸைத் துடைக்காதே, சூரியனைப் பார்க்காதே என்பதெல்லாம் பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## வேட்டைக்காரர் சொன்னதை அப்படியே வாங்குவது

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதில் 1991இல் வந்த திருத்தம் இரண்டோடும் பொழுதுபோக்கு வேட்டையின் கதை முடிந்துபோனது. ஆனால் நடுத்தர விலையில் நல்ல பைனாகுலர் எது என்று இணையத்தில் தேடினால், நிறைய வருவது அமெரிக்க மான் வேட்டைக்காரர்களின் சிபாரிசுகள்தான். தெரிந்தவர்கள் சொல்வது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் வேலை வேறு, அவ்வளவுதான். ஒரு மலைச்சரிவில் உட்கார்ந்துகொண்டு எதிர்ச்சரிவில் மான் மேய்கிறதா என்று மணிக்கணக்கில் துழாவுகிறார்கள். பல பேர் பைனாகுலரை ட்ரைபாடில் மாட்டிவிடுகிறார்கள். அதனால்தான் 10×42, 12×50, 15×56 என்று போகிறார்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

நமக்கோ தலைக்கு மேலே இலைகளுக்குள் தாவுகிற கதிர்க்குருவி. ஒரு கிளையில் இரண்டு நொடி உட்காராது. உருப்பெருக்கம் கூடினால் காட்சியின் அகலம் குறையும். கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெருகித் தெரியும். நல்ல 8×42 ஒன்றில் ஆயிரம் மீட்டர் தூரத்தில் 125 முதல் 140 மீட்டர் அகலம் வரை தெரியும். 10×42 என்றால் பெரும்பாலும் 100 முதல் 115 மீட்டர். குருவி எந்த இலைக்குப் பின்னால் போனது என்று தேடும்போது இந்த வித்தியாசம் புரியும். பழவேற்காடு, கோடியக்கரை மாதிரி திறந்த வெளியில் பூநாரைக் கூட்டத்தைப் பார்ப்பதுதான் முக்கிய வேலை என்றால் பத்து மடங்கு வாங்கலாம். அதற்கு மேல் கையில் பிடித்துப் பார்க்க முடியாது.

கிட்டத்தில் ஃபோகஸ் ஆகிறதா என்பதை வேட்டைக்காரர் அதிகம் கவலைப்பட்டுப் பேச மாட்டார். மூன்று மீட்டரில் மான் நிற்கப் போவதில்லை. பட்டாம்பூச்சி, தும்பி பார்க்கிற ஆசை இருந்தால் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்: அந்தி வெளிச்சம். இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 8×42க்கு 5.25 மில்லிமீட்டர் வரும். பாக்கெட்டில் போடுகிற 10×25க்கு 2.5தான். பின்லென்ஸிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் விட்டம் அது. நல்ல வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருக்கும், அதனால் கடை வாசலில் எதை எடுத்துப் பார்த்தாலும் பளிச்சென்று இருக்கும். இருட்டும் நேரத்தில் கண்மணி ஐந்துக்கு மேல் விரியும். ஆறுமணிக்குருவி மர நிழலில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும்போது, 10×25 வைத்திருப்பவர் அதன் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

## 'ஒல்லியாக இருக்கிறது' என்று வாங்குவது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

பைனாகுலரில் முக்கியமாக இரண்டு வகை. முன்லென்ஸ்கள் அகன்றும் பின்லென்ஸ்கள் நெருங்கியும், தோள் விரிந்த மாதிரி இருப்பது போரோ. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இல் காப்புரிமை வாங்கிய பிரிசம் அமைப்பு. பிரிசம் என்பது உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டை. இரண்டு நேர்க்குழாய்களாக ஒல்லியாக இருப்பது ரூஃப் பிரிசம். கையில் எடுத்தால் ரூஃப்தான் அழகு, நவீனம். 'போரோ எல்லாம் அந்தக் காலம் சார்' என்று கடைக்காரரும் சொல்லிவிடுவார். முடிந்தது கதை.

அவர் சொல்லாதது, ஒல்லி உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை. ரூஃப் பிரிசத்தில் இரண்டு பரப்புகள் கூரை மாதிரி சேரும் விளிம்பில் ஒளி இரண்டாகப் பிரிந்து போய் மறுபடி சேர்கிறது. சேரும்போது அலைகள் ஒன்றுக்கொன்று சற்றுப் பிசகி, கூர்மையும் கறுப்பு வெள்ளை வேறுபாடும் மங்கும். இதைச் சரிசெய்ய பிரிசத்தின் மேல் ஒரு மெல்லிய பூச்சு பூச வேண்டும், அதுதான் ஃபேஸ் கோட்டிங். ஸைஸ் நிறுவனம் 1988இல் கொண்டுவந்தது. அது மட்டும் போதாது. இந்த விலையில் வரும் ரூஃப்களின் பிரிசத்தில் ஒரு பரப்பு தானாக ஒளியை முழுதும் திருப்பாது, அங்கே முகம் பார்க்கும் கண்ணாடியில் இருப்பது போல ஒளியைத் திருப்பும் பூச்சு வேண்டும். மலிவானதில் அலுமினியம், அதற்கு மேல் வெள்ளி, உயர்ந்ததில் டைஎலெக்ட்ரிக் எனப்படும் பல அடுக்குப் பூச்சு. அலுமினியப் பூச்சு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒளியை விழுங்கிவிடும். போரோவுக்கு இந்த இரண்டு பூச்சுமே தேவையில்லை. அதன் பிரிசம் ஒளியை முழுதாகவே திருப்பிவிடும்.

ஆக, ஒரே விலைக்கு ஒரு ரூஃபும் ஒரு போரோவும் வாங்கினால், ரூஃபில் உங்கள் பணத்தின் ஒரு பகுதி போரோவில் இல்லவே இல்லாத குறையைச் சரிசெய்யப் போகிறது. விலை குறையக் குறைய அந்தப் பூச்சுகளில்தான் முதலில் கை வைப்பார்கள். ஃபேஸ் கோட்டிங் இருந்தால் விவரப் பட்டியலில் கட்டாயம் பெருமையாகப் போட்டிருப்பார்கள். போடவில்லை என்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

போன பருவத்தில் ஒரு தம்பி, புத்தம் புது ஒல்லி 10×42. சேற்றில் கிட்டத்திலேயே நின்ற ஒரு பறவையைக் காட்டி, "அண்ணா, அது என்ன? பழுப்பா என்னமோ தெரியுது" என்றார். பக்கத்தில் இருந்த நண்பரின் போரோவை வாங்கிக் கொடுத்தேன். தம்பியுடையதைவிட விலை குறைந்தது, மேல் ரப்பர் தேய்ந்தது. பார்த்தவுடனே முதுகில் வெள்ளைப் புள்ளி, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு, மஞ்சள் சாயல் கால் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பொரி உள்ளான். அப்புறம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பழைய மாடலாச்சே அண்ணா?" என்றார். தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒல்லியாக இருப்பதை ஒரு தரமாகச் சொல்லி விற்கிறார்களே, அவர்கள் மேல்தான்.

சரி, எல்லோரும் போரோ வாங்கிவிடலாமா? அதுவும் இல்லை. கண்ணாடி போட்டவர்கள் நிதானிக்க வேண்டும். கண்ணைப் பின்லென்ஸிலிருந்து எவ்வளவு தூரம் வரை தள்ளி வைத்து முழு வட்டத்தையும் பார்க்க முடியுமோ, அந்தத் தூரத்துக்கு ஐ ரிலீஃப் என்று பெயர். கண்ணாடிக்காரருக்கு 15, 16 மில்லிமீட்டராவது வேண்டும். நான் பலருக்கும் சொல்கிற நிக்கான் அக்குலான் ஏ211 8×42இல் அது 12தான். காட்சியின் அகலம் 8 பாகை, தாராளம். ஆனால் கண்ணாடியோடு பார்த்தால் அந்தத் தாராளத்தில் ஓரங்கள் காணாமல் போகும். எடையும் முக்கால் கிலோ. ஐந்து மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. தண்ணீரும் தாங்காது. வால்பாறை மாதிரி மழைக்காட்டுக்கு அடிக்கடி போகிறவர், கண்ணாடி போட்டவர், பட்டாம்பூச்சிக்காரர் இவர்கள் எல்லாம் இன்னும் கொஞ்சம் சேர்த்து வைத்து, ஃபேஸ் கோட்டிங் உள்ள ரூஃபாக வாங்குவது நல்லது. நடுவில் அவசரப்பட்டு அரைகுறை ரூஃப் ஒன்றை வாங்குவதில்தான் காசு போகிறது. ஒரே வருடத்தில் விற்க வேண்டி வரும், பாதி விலைக்குக்கூட யாரும் கேட்க மாட்டார்கள்.

## ஜூம்

வேண்டாம்.

## சிவப்பு லென்ஸ்

பார்க்கப் பந்தாவாக இருக்கும். சிவப்பைத் திருப்பி அனுப்புவதால்தான் சிவப்பாகத் தெரிகிறது, உள்ளே வரும் படத்தில் சிவப்பு குறையும். செம்மார்புக் குக்குறுவானைப் பார்க்க இதை வாங்குவானேன்?

## 60×60, 'நைட் விஷன்'

மலிவானவற்றின் பெட்டியில் இப்படி அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்களுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

## பீரோவுக்குள் பூட்டி வைப்பது

கடலோர ஊர்களில் பைனாகுலரைக் கெடுப்பது பூஞ்சை. உறையோடு இருட்டான பீரோவில் மழைக்காலம் முழுக்க வைத்தால், எடுக்கும்போது லென்ஸ் உள்ளே சிலந்திவலை மாதிரி கோடு ஓடியிருக்கும். நைட்ரஜன் அடைத்து மூடியவற்றுக்கு ஆபத்து குறைவு, சாதாரண போரோவுக்கு அதிகம். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். அதைவிட நல்லது வாரா வாரம் வெளியே எடுத்துப் போவது.

## வந்த அன்றைக்கே சோதிக்காமல் விடுவது

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு சில நாள்தான். பெட்டியைப் பிரித்ததும் மொட்டை மாடிக்குப் போங்கள். முதலில் டயாப்டர், அதாவது இரண்டு கண்ணுக்கும் உள்ள பார்வை வித்தியாசத்தைச் சரிசெய்யும் அமைப்பு: வலது முன்லென்ஸை மூடி, நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தூரத்து எழுத்துப் பலகை ஒன்றைத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வலது பின்லென்ஸ் வளையத்தை மட்டும் திருப்புங்கள். இதைச் செய்யாமலே 'படம் சரியில்லை' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

அடுத்து, கை நீட்டும் தூரத்தில் பிடித்து வானத்துக்கு எதிராகப் பின்லென்ஸைப் பாருங்கள். வெளிச்ச வட்டம் உருண்டையாக இருக்க வேண்டும். ஓரங்கள் சாம்பல் நிறமாக வெட்டுப்பட்டு, போரோவில் சதுரம் மாதிரி தெரிந்தால் பேக்4 கண்ணாடிக்குப் பதிலாக மலிவான பிகே7 பிரிசமாக இருக்கலாம். கடைசியாக, தூரத்து மின்கம்பி ஒன்றை ஐந்து நிமிடம் விடாமல் பாருங்கள். கம்பி இரண்டாகத் தெரிந்தாலோ, பைனாகுலரை இறக்கியதும் கண்ணை யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தாலோ இரண்டு குழாய்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. பழகிவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். பழகாது, தலைவலிதான் வரும். அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.