பெண்கள் உடல்நல ஆய்வுச் செய்திகளைப் படிக்கும் முறை

ஏதேனும் ஒரு மருந்து பெண்களுக்குக் கேடு செய்கிறது என்று செய்தி வந்தால், தலைப்பை ஒதுக்கிவிட்டு எண்களைத் தேடிப் படிக்க வேண்டும். இதற்குப் பயிற்சியாக, மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரப்படும் ஹார்மோன் மாத்திரைகளை அமெரிக்காவில் சோதித்த 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையைச் சோதித்த பகுதி, சராசரியாக 5.2 ஆண்டுகள் நடந்த நிலையில், 2002 ஜூலையில் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது என்ற செய்தி பரவியதும் லட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையைக் கைவிட்டனர்.

சதவீதத்தைக் கண்டால், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று உடனே கேட்க வேண்டும். மருந்தில்லாத போலி மாத்திரை பெற்ற 10,000 பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் பெற்றவர்களில் அது 38. அதாவது கூடுதலாக 8 பேர். அதே கணக்கில் பக்கவாதம் 8 பேருக்கும், மாரடைப்பு போன்ற இதய நோய்கள் 7 பேருக்கும் கூடின. இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய் 6 பேருக்கும் குறைந்தன. இந்த ஆய்வில் நோயில்லாதவர்கள் இதய நோய் போன்றவற்றின் தடுப்புக்காக உண்ட மாத்திரை என்பதால் இந்த 8 புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் 26 சதவீதம் என்று மட்டும் சொல்லும் செய்தி அரைச்செய்தியே.

அடுத்து, ஆய்வில் சேர்ந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். இந்த 16,608 பெண்களின் வயது 50 முதல் 79 வரை, சராசரி 63. மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பில் திடீரென்று பரவும் வெப்பத்தைத் தணிக்க ஐம்பதை ஒட்டிய வயதில் மாத்திரை கேட்கும் பெண்ணுக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தாது. 2007இல் வெளியான மறுபகுப்பாய்வில், மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள் தொடங்கியவர்களுக்கு இதய நோய் கூடியதாகத் தெரியவில்லை. பக்கவாத அபாயமோ அவர்களிடமும் நீங்கவில்லை.

எந்த மருந்து என்பதையும் விடக்கூடாது. கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தந்த மற்றொரு பகுதி, பக்கவாதம் கூடியதால் 2004இல் நிறுத்தப்பட்டது. அங்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. 'ஹார்மோன் ஆபத்து' என்ற தலைப்பு இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

ஆய்வு எவ்வகையினது என்பதே பலரும் தவறவிடும் இடம். 1976இல் தொடங்கிய அமெரிக்கச் செவிலியர் ஆய்வு போன்றவற்றில், ஹார்மோன் எடுத்த பெண்களுக்கு இதய நோய் குறைவாகக் காணப்பட்டது. ஆனால் மருந்தை நாடியவர்கள் ஏற்கெனவே வசதியும் உடல்நலமும் மிக்கவர்களாக இருந்திருக்கக்கூடும்; வெறுமனே கவனித்துப் பதிவு செய்யும் ஆய்வால் அதை முழுமையாகப் பிரித்தறிய இயலாது. யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யும் ஆய்வுக்கு அதிக எடை தர வேண்டியது இதனால்தான்.

செய்தியை நம்பித் தாமாக மாத்திரையை நிறுத்துவதோ தொடங்குவதோ கூடாது. வயது, மாதவிடாய் நின்ற ஆண்டு, கருப்பை உள்ளதா என்பது, ரத்தக்கட்டு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் ஆகியவை தமக்கோ குடும்பத்தினருக்கோ வந்ததுண்டா என்பது ஆகிய விவரங்களை எழுதிக்கொண்டு மகளிர்நல மருத்துவரிடம் சென்று, அந்த ஆய்வில் இருந்த பெண்களிலிருந்து தாம் எவ்வகையில் வேறுபடுகிறோம் என்று கேட்க வேண்டும்.