ஒரே நாளில் மூன்று மடாலயம்: யார்க்ஷயரில் வாடகைக்குக் கார் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் நண்பர் ஒருவர் தன் பயணத் திட்டத்தை அனுப்பி, "சரியா இருக்கான்னு பாருங்க" என்றார். காலை ஃபவுண்டன்ஸ் அபி, மதியம் ரீவோ, மாலை விட்பி. மூன்றும் வட இங்கிலாந்தின் யார்க்ஷயரில் இடிந்து நிற்கும் பழைய மடாலயங்கள். படித்ததும் வயிற்றைக் கலக்கியது. லீட்ஸுக்குக் குடிவந்த புதிதில், பதினோரு வருடத்துக்கு முன்னால், நான் போட்ட அதே திட்டம். வரிசைகூட மாறவில்லை.

மழைக்கோட்டு, சார்ஜர் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்ற கணக்கு

ஃபவுண்டன்ஸிலிருந்து ரீவோ சுமார் 30 மைல். அங்கிருந்து விட்பிக்கு 40 மைல்கூட வராது. வரைபடத்தில் பார்த்தால் பக்கத்துப் பக்கத்துத் தெரு மாதிரி இருக்கும்.

ஃபவுண்டன்ஸுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். யார்க் நகர மடத்தோடு பிணங்கி வெளியேறிய 13 துறவிகள் 1132-இல் தொடங்கிய இடம் அது. அடுத்த நானூறு ஆண்டுகளில் எப்படிப் பெருத்தது என்பது அதன் கிடங்கு மண்டபத்துக்குள் நின்றால்தான் புரியும். ஏறக்குறைய 90 மீட்டர் நீளம். கல் விதானம் இன்னும் தலைக்கு மேல் நிற்கிறது. அதைத் தாண்டினால் பதினெட்டாம் நூற்றாண்டு நீர்த்தோட்டம், குளத்துக்குப் பின் குளமாக. வெளியே வந்தபோது மணி இரண்டரை.

ஜூன் மாதம். ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்குமே, என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன். வெளிச்சம் இருக்கும், வாசல் திறந்திருக்காது. கோடையிலும் ஐந்து ஆறு மணிக்கெல்லாம் சாத்திவிடுவார்கள். உள்ளே விடுவதை அதற்கும் முன்பே நிறுத்திவிடுவார்கள். அது உறைத்தபோது சட்டன் பேங்க் ஏற்றத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தேன். நாலடிக்கு ஓரடி ஏறும் சாலை அது. கேரவன் இழுத்துவரும் வண்டிகளுக்கு அனுமதியே கிடையாது. மேலே ஏறியதும் செல்போன் வரைபடம் ஒரு சந்தைக் காட்டி, இப்படிப் போனால் ஆறு நிமிடம் மிச்சம் என்றது. திருப்பினேன்.

இருபுறமும் சாந்தில்லாமல் அடுக்கிய கல் சுவர். எதிரே டிராக்டர். அதை ஓட்டியவருக்குப் பின்வாங்கும் உத்தேசமே இல்லை. நான்தான் ரிவர்ஸ் எடுத்தேன், பதற்றத்தில் ஓரப் புல்லில் ஏற்றினேன். புல்லுக்குள் கிடந்த கல், பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை. ஒரு பசை டப்பாவும் சின்ன பம்பும் இருந்தன. ஆணி குத்திய ஓட்டைக்கு அது சரி, கிழிந்த டயருக்கு என்ன செய்யும்? போனில் சிக்னலும் இல்லை. இழுவை வண்டி வந்தபோது ரீவோ மூடி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

அதைக்கூட மறந்துவிட்டேன். மறக்க முடியாதது அடுத்தது. காரை எடுக்கும்போது கவுன்டரில் 'முழுப் பாதுகாப்பு' என்று நாள் கணக்கில் கூடுதல் பணம் கொடுத்திருந்தேன். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் எதுவும் அதில் சேராது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்களாம். படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இன்றைக்கும் யாராவது "ஃபுல் இன்சூரன்ஸ் போட்டாச்சு" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டயர் சேருமா, கண்ணாடி சேருமா, ஸ்டெப்னி உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். சேதமானால் நம் தலையில் விழும் 'எக்ஸஸ்' தொகைக்கான காப்பீட்டைப் புறப்படுமுன் வெளியில் வாங்கினால் பெரும்பாலும் மலிவு. அதிலும் இதே கேள்விகள்தான்.

ரீவோவை இரண்டு வருடம் கழித்துத்தான் பார்த்தேன், அதை மட்டும். (எழுத்துக்கூட்டி 'ரீவால்க்ஸ்' என்று வழி கேட்காதீர்கள், முழிப்பார்கள்.) 1160-களில் துறவிகளும் உழைப்புச் சகோதரர்களுமாக 640 பேர் இருந்த பள்ளத்தாக்கு. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1538-இல் இதன் முறை வந்தது. கூரையில் வேய்ந்திருந்த ஈயத்தை உரித்து உருக்கிவிட்டார்கள். மிச்சத்தை மழையும் கல் எடுக்க வந்த ஊராரும் பார்த்துக்கொண்டார்கள். மத்தியானம் முழுக்க அந்த வளைவுகளுக்கடியில் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் ஆடு கத்துவதைத் தவிர ஒரு சத்தமில்லை.

வெள்ளை வட்டத்தில் சாய்ந்த கறுப்புக் கோடு

ஊருக்கு வெளியே இந்தப் பலகை வந்ததும் புதியவர்கள் மிதிக்க ஆரம்பிப்பார்கள். சாதாரண இருவழிச் சாலையில் காருக்கு உச்ச வரம்பு 60 மைல் என்பது அதன் பொருள், அதாவது மணிக்கு 96 கி.மீ. ஒற்றைக் கார் போகும் சந்தின் முனையிலும் இதே பலகை நிற்கும். அங்கே வளைவுக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று பலகைக்குத் தெரியாது.

எதிர்வண்டிக்கு வழிவிட ஒதுங்கும் இடத்தில் காரை நிறுத்திப் படம் எடுப்பது

வேண்டாம்.

ஒரு அட்டையை வைத்து எல்லா வாசலிலும் நுழைவது

ஃபவுண்டன்ஸ் நேஷனல் டிரஸ்டுடையது. ரீவோவும் விட்பியும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் பார்த்துக்கொள்பவை. பெயர்கள் ஒன்றுபோல ஒலித்தாலும் இரண்டும் தனித்தனி அமைப்புகள். ஒன்றின் உறுப்பினர் அட்டை பொதுவாக மற்றதில் செல்லாது. இங்கிலிஷ் ஹெரிடேஜ் உறுப்பினர்களை உள்ளே விடும் ஃபவுண்டன்ஸ் ஒரு விதிவிலக்கு. இங்கிலிஷ் ஹெரிடேஜில் வெளிநாட்டவருக்கென்றே 9 நாள், 16 நாள் பாஸ் தருகிறார்கள். பார்க்கப்போகும் இடங்களை எழுதிவைத்துக்கொண்டு, எது யாருடையது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அலை அட்டவணை பார்க்காமல் லிண்டிஸ்ஃபார்ன் போவது

வடக்கே நார்தம்பர்லாந்து வரை போகிறவர்களுக்கு: தீவுக்குப் போகும் சாலையைக் கடல் தினமும் இருமுறை மூடும். கார் மிதக்காது.

கிராமத்து பப்பில் மூன்று மணிக்குச் சாப்பாடு கேட்பது

பல இடங்களில் இரண்டு, இரண்டரைக்கு அடுப்பை அணைத்தால் மறுபடி மூட்டுவது சாயந்தரம்தான். பீர் கிடைக்கும், சிப்ஸ் பாக்கெட் கிடைக்கும். வண்டி ஓட்டுபவருக்குச் சிப்ஸ் மட்டும். நண்பரின் திட்டத்தில் மதியச் சாப்பாடு 3.15 என்று இருந்தது. அதையும் சிவப்பு மையில் சுழித்து அனுப்பியிருக்கிறேன்.