அமாக்சிசிலின் வாங்கியாச்சா? முதல் மாத்திரைக்கு முன் இதைப் பாருங்கள்

கோத்தகிரியில் மருந்துக் கடையில் நிற்கிறேன். பல் வீக்கம், காதுவலி என்று அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் சீட்டோடு வருபவர்கள் கேட்பது ஒன்றுதான்: "சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?" வீட்டில் ஏற்கெனவே என்ன மாத்திரை ஓடுகிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

முதலில் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும்; சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அது 'சிலின்' என்று முடிந்தால் பெனிசிலின் குடும்பம்.

இரண்டாவது, சாப்பாடு. அமாக்சிசிலினை எப்போதும் போடலாம். பால், டீ தடையில்லை. அதோடு கிளாவுலானிக் அமிலம் என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்த மாத்திரை என்றால், சாப்பிட ஆரம்பிக்கும்போது போடுங்கள், வயிற்றைப் புரட்டுவது குறையும். அதே குடும்பத்து ஆம்பிசிலின், கிளாக்சாசிலின் போன்றவை வெறும் வயிற்றில்: சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன், அல்லது 2 மணி நேரம் பின். தேயிலை பறிக்கப் போகிறவர்கள் எழுந்ததும் போட்டுவிட்டுச் சமையலைக் கவனித்தால் நேரம் சரியாக வரும்.

மூன்றாவதுதான் முக்கியம். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். போன மழைக்காலத்தில் ஒரு அம்மாவிடம் "வேற மாத்திரை ஏதாவது?" என்றேன். "ஒண்ணும் இல்லப்பா" என்றார். பிளாஸ்டிக் கவரைப் பிரித்தால் மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும் போடுவது, அதனால் நினைவிலேயே இல்லை. சிறுநீரகம் அதை வெளியேற்றுவதை அமாக்சிசிலின் குறைத்துவிடும். ரத்த அணுக்கள் குறையலாம், வாய்ப்புண் வரலாம். உடனே டாக்டருக்குப் போன் போட்டோம், வேறு மருந்து மாற்றிக் கொடுத்தார்.

இதய வால்வு ஆபரேஷன் ஆனவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின், அசிட்ரோம் கூடவும் கவனம் வேண்டும். ரத்தம் கசிவது கூடலாம், அதனால் ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே செய்யச் சொல்வார்கள். யூரிக் ஆசிடுக்கு அல்லோபியூரினால் போடுபவர்களுக்குத் தோலில் தடிப்பு வர வாய்ப்பு அதிகம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், சொன்னால் போதும்.

நான்காவது, பழைய நோய்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டிவரலாம். முன்பு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரையால் மஞ்சள் காமாலை வந்திருந்தால் அது மறுபடி வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, ஒவ்வாமை. சிறு வயதில் பெனிசிலின் ஊசியில் உடம்பு தடித்ததா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். முதல் மாத்திரையை, முடிந்தால், பக்கத்தில் ஆள் இருக்கும்போது போடுங்கள். நம் வளைவுப் பாதையில் வண்டி வர நேரமாகும். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே 108. போகும்போது அந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.