நைஹாஞ்சி பழக ஒரு கோடு போதும்

வகுப்புக்குப் போக முடியாத நாளில் கராத்தே பழக இடமில்லை என்று சொல்பவர்களுக்கு: நைஹாஞ்சி கட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள் (கட்டா என்றால், எதிராளி இல்லாமல் வரிசைப்படி தனியே செய்யும் அசைவுகளின் தொகுப்பு). ஷோட்டோக்கான் பிரிவில் இதையே டெக்கி என்பார்கள், அதாவது இரும்புக் குதிரை. முன்னே பின்னே போகாமல் பக்கவாட்டில் மட்டுமே நகரும் கட்டா இது. வீட்டு நடை அளவு இடம் போதும்.

தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு நேர்க்கோடு போட்டு, தொடங்கும் இடத்தில் ஒரு குறி வையுங்கள். நைஹாஞ்சியில் மூன்று கட்டாக்கள் உண்டு; முதல் கட்டாவில் வலப்பக்கம் செய்வதைத்தான் அப்படியே இடப்பக்கமும் செய்கிறோம். எனவே முடிக்கும்போது கால் அந்தக் குறியிலேயே வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லையா? ஒரு பக்கக் காலடி நீளம், மறுபக்கக் காலடி குட்டை என்று அர்த்தம். பெரும்பாலும் பழக்கமில்லாத பக்கம்தான் குட்டையாக இருக்கும்.

அப்புறம், காலைக் குறுக்கே வைக்கும்போது தலை மேலே எழும்பக் கூடாது. கண்ணாடியைப் பார்த்துத் திருத்துவதை விட, உச்சந்தலையை லேசாகத் தொடும்படி ஒரு நூல் கட்டிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். முழங்கால் உள்ளே சாய்ந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், வலியோடு தொடர வேண்டாம்.

ஒரே கட்டாவா, சலிக்காதா என்றால், சலிக்கும்தான். ஒகினாவாவில் பிறந்து, 1922-ல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டிய கிச்சின் ஃபுனாகோஷி, இந்த மூன்று கட்டாக்களுக்கு மட்டும் பத்து ஆண்டுகள் செலவிட்டதாக எழுதியிருக்கிறார்.