ஸ்டென்ட் வைத்தவருக்குச் சர்க்கரையும் இருந்தால்

அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) நெஞ்சு வலிக்கவே இல்லை. முகப்புப் படி ஏறும்போது மூச்சு வாங்கியது, உட்கார்ந்திருக்கும்போதே வேர்த்தது, அவ்வளவுதான். இருபது வருஷச் சர்க்கரை நரம்புகளை மழுக்கியிருந்தால் இதயத்தின் வலி தெரியாமலே போகலாம் என்று, மதுரையில் ஸ்டென்ட் (இதய ரத்தக் குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழல்) வைத்த டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குப் புரிந்தது. காரைக்குடி வீட்டில் வைத்து அவரைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் இது உதவும்.

ஸ்டென்ட் ஓர் அடைப்பைத்தான் திறக்கிறது. சர்க்கரை ஏறியே கிடந்தால் ரத்தம் சீக்கிரம் உறையும். அந்த வலைக்குள்ளேயே சதை வளர்ந்து குழாய் மறுபடி குறுகலாம். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டு மாத்திரையையும் பெரும்பாலும் 6 முதல் 12 மாதம் சேர்த்துத் தருவார்கள். பல் பிடுங்கப் போனால்கூட, இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, ஆஞ்சியோ (இதயக் குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுப்பது) முடிந்ததும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை 48 மணி நேரம் நிறுத்தி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகு தொடரச் சொல்வார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். ஊசி போட்ட மணிக்கட்டோ தொடையோ சிவந்து வீங்கினால் காத்திருக்க வேண்டாம்.

சாப்பாட்டில்தான் எங்களுக்குப் பாடு. கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லது என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். அரிசி சரி, ஆனால் நாம் அதில் சீனியும் தேங்காயும் நெய்யும் அல்லவா கொட்டுகிறோம்! கந்தரப்பமும் அப்படித்தான். ஆத்தா இப்போது இரண்டு இடியாப்பம், ஒரு கிண்ணம் பாசிப்பயறு, நிறையக் காய் என்று அளந்து வைக்கிறார்.

சர்க்கரை இறங்குவதுதான் எனக்குப் பெரிய பயம். போன வருஷம் ஒரு படைப்பு வீட்டில் (முன்னோருக்குப் படைக்கிற விசேஷம்) பந்தி போட இரண்டு மணியாகிவிட்டது. காலையில் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை போட்டிருந்த அப்பச்சி, பட்டாலைத் திண்ணையில் சாய்ந்து வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் நெஞ்சு என்றே பதறினார்கள். மீட்டரில் 58. மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். 15 நிமிஷம் கழித்து 84. அப்புறம்தான் சோறு. 70-க்குக் கீழே போனால் இதுதான் செய்ய வேண்டியது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இறங்குகிற சர்க்கரை இதயத் துடிப்பையும் குலைக்கும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் படபடப்பு தெரியாமல் போகலாம், வேர்வைதான் காட்டிக்கொடுக்கும். விசேஷ வீட்டுக்கு மீட்டரும் சீனிப் பொட்டலமும் இல்லாமல் நாங்கள் இப்போது போவதில்லை.

மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி பலருக்கு 7-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். வயதானவர்களுக்குக் கொஞ்சம் தளர்த்துவதுண்டு. உங்கள் டாக்டர் சொல்லும் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நடை வளவுக்குள்ளேயே (வீட்டு உள்முற்றத்தைச் சுற்றியே) போதும், டாக்டர் சொன்ன அளவுக்கு. ஆத்தங்குடிக் கல் வழவழப்பானது, வழுக்காத செருப்பு போட்டு நடக்கட்டும். ராத்திரி பாதத்தைத் திருப்பிப் புண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூச்சு வாங்கல், திடீர் வேர்வை, தாடையிலோ கையிலோ பாரம், இதுவரை இல்லாத அசதி: வலி இல்லையே என்று விடியும்வரை பார்க்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிட்டு, “ஸ்டென்ட் வைத்தவர், சர்க்கரை உண்டு” என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மீட்டரில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம்.